நிரலைப் பெயர் சொல்லி அழைப்போம்

எண்ணூர் விரைவுச் சாலையில் சரக்குப் பெட்டிகளைச் சுமந்த லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் வாழும் மாணவர்களுக்கு அது அன்றாடக் காட்சி. லாரி துறைமுகத்தினுள் சென்றதும் பெட்டி இறக்கப்பட்டு, மற்றப் பெட்டிகளோடு அடுக்கப்படுகிறது. ஒன்றின்மேல் ஒன்றாகப் பெட்டிகள்; ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகள். நாளைக்குக் கப்பலில் ஏற்றவேண்டிய ஒரு பெட்டியை இந்தக் குவியலில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

“ஐந்தாம் வரிசையில் மேலிருந்து இரண்டாவது பெட்டி” என்று குறித்து வைத்தால் போதுமா? போதாது. இரவில் அதன்மேல் இன்னொரு பெட்டியை வைத்துவிட்டால், “மேலிருந்து இரண்டாவது” என்பது வேறு பெட்டியாகிவிடும். கப்பலில் தவறான பெட்டி ஏறிவிடும். ஆகவே உலகெங்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு குறியீட்டெண் எழுதப்பட்டிருக்கிறது. அதில் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் உண்டு. பெட்டி எங்கே நகர்ந்தாலும் அதன் குறியீடு மாறுவதில்லை.

அந்த ஏழு இலக்கங்களில் கடைசி இலக்கத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. முன்னுள்ள பத்து எழுத்து, இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படும் சோதனை இலக்கம் அது. யாராவது ஓர் எழுத்தைத் தவறாக எழுதிவிட்டால், பெரும்பாலும் கணக்கு ஒத்துவராது, தவறு வெளிப்பட்டுவிடும். இடத்தைவிடப் பெயர் நம்பத்தக்கது. பெயரையும் சரிபார்த்தால் இன்னும் நம்பத்தக்கது. சரக்குப் பெட்டி கற்பிக்கும் இந்த இரண்டு பாடங்களையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, கணிப்பொறிக்குள் நுழைவோம்.

ஆர் என்னும் மொழி

கணிப்பொறிக்குப் புரோகிராம் எழுதுவதற்குப் பல மொழிகள் உள்ளன. புள்ளிவிவரங்களைக் கையாளுவதற்கென்றே பிறந்த மொழி ‘ஆர்’. 1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் சேம்பர்ஸும் அவருடைய தோழர்களும் ‘எஸ்’ என்ற புள்ளியியல் மொழியை உருவாக்கத் தொடங்கினார்கள். 1990-களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் எஸ் மொழியைப் பின்பற்றிப் புதிய மொழி ஒன்றைப் படைத்தார்கள். இருவர் பெயரும் ஆங்கிலத்தில் ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்குவதால் மொழிக்கும் அதுவே பெயராயிற்று. ஆங்கில அகரவரிசையில் எஸ் எழுத்துக்கு முந்தியது ஆர் என்பதையும் கவனியுங்கள்! 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் இதன் முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது. யார் வேண்டுமானாலும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தலாம்.

ஆர் மொழியில் அட்டவணைக்கு ‘டேட்டா ஃப்ரேம்’ என்று பெயர். பத்தாம் வகுப்பில் அணிகள் என்ற பாடத்தைப் படிப்பவர்களுக்கு நிரை, நிரல் என்ற சொற்கள் தெரிந்திருக்கும். குறுக்கே செல்வது நிரை. மேலிருந்து கீழே செல்வது நிரல். அணியில் எல்லா உறுப்புகளும் ஒரே வகையாக இருக்கும். டேட்டா ஃப்ரேம் அப்படியன்று. அதில் ஒரு நிரலில் ஊர்ப்பெயர்கள் இருக்கலாம். அடுத்த நிரலில் எண்கள் இருக்கலாம். ஆனால் ஒரு நிரலுக்குள் ஒரே வகைதான் இருக்கவேண்டும். எல்லா நிரல்களும் ஒரே நீளமாக இருக்கவேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு பெயர் உண்டு என்பது.

ஒரு குறிப்பு: ஆர் மொழியின் கட்டளைச் சொற்களை இக்கட்டுரையில் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கணிப்பொறியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டவேண்டும். நிரல்களின் பெயர்களையும் ஆங்கில எழுத்தில் தட்டுவதே எளிது. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஆர் மொழிக்கு வெவ்வேறு என்பதை மறவாதீர்கள்.

நம் ஊர் அட்டவணை

எடுத்துக்காட்டுக்கு வெகுதூரம் போகவேண்டாம். எண்ணூர், அத்திப்பட்டு, வள்ளூர் வட்டாரத்தில் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் அனல் மின் நிலையங்கள் பல நிறுவப்பட்டன. எண்ணூர் அனல் மின் நிலையத்தில் 60 மெகாவாட் திறனுள்ள அலகுகள் 2, 110 மெகாவாட் திறனுள்ள அலகுகள் 3 இருந்தன. அந்நிலையம் 2017-இல் மூடப்பட்டது. வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதற்கட்டத்தில் 210 மெகாவாட் அலகுகள் 3. இரண்டாம் கட்டத்தில் 600 மெகாவாட் அலகுகள் 2. வள்ளூரில் 500 மெகாவாட் அலகுகள் 3. இவற்றை அட்டவணையாக்குவோம்.

மின் <- டேட்டா.ஃப்ரேம்(
 நிலையம் = சி("எண்ணூர்", "எண்ணூர்", "வடசென்னை 1", "வடசென்னை 2", "வள்ளூர்"),
 அலகுகள் = சி(2, 3, 3, 2, 3),
 திறன் = சி(60, 110, 210, 600, 500))

‘சி’ என்பது பல மதிப்புகளை ஒன்றாகக் கோக்கும் கட்டளை. இடப்பக்கம் நோக்கிய அம்புக்குறி, வலப்பக்கத்தில் உள்ளதை இடப்பக்கத்துப் பெயரில் சேமித்து வைக்கிறது. இப்போது ‘மின்’ என்று தட்டினால் திரையில் தோன்றுவது இதுதான்:

 நிலையம் அலகுகள் திறன்
1 எண்ணூர் 2 60
2 எண்ணூர் 3 110
3 வடசென்னை 1 3 210
4 வடசென்னை 2 2 600
5 வள்ளூர் 3 500

நிரல்களின் பெயர்களை மட்டும் அறிய வேண்டுமா? நேம்ஸ்(மின்) என்று கேளுங்கள். “நிலையம்”, “அலகுகள்”, “திறன்” என்று மூன்று பெயர்களும் வரும். புதிய அட்டவணை எது கையில் கிடைத்தாலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுவே.

நிரலை எடுக்கும் வழிகள்

அட்டவணையிலிருந்து ஒரு நிரலைப் பெயரால் எடுக்க ஆர் மொழியில் நான்கு வழிகள் உண்டு.

முதல் வழி, டாலர் குறி:

மின்$திறன்

விடை: 60 110 210 600 500. எழுதுவதற்கு எளியது. அதனால்தான் பலரும் இதையே பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாம் வழி, இரட்டைச் சதுர அடைப்பு:

மின்[["திறன்"]]

இதற்கும் அதே விடைதான். பெயர் மேற்கோள் குறிக்குள் இருப்பதைக் கவனியுங்கள்.

மூன்றாம் வழி, ஒற்றைச் சதுர அடைப்பு:

மின்["திறன்"]

இங்கே கிடைப்பது வேறு. எண்களின் தொடர் அன்று; ஒரே நிரல் கொண்ட சிறிய அட்டவணை! இந்த வேறுபாட்டை இப்படி நினைவில் கொள்ளலாம். சரக்குப் பெட்டியிலிருந்து பொருளை வெளியே எடுத்துத் தருவது இரட்டை அடைப்பு. பொருளைப் பெட்டியோடு சேர்த்துத் தருவது ஒற்றை அடைப்பு.

நான்காம் வழி, காற்புள்ளியுடன் கூடிய ஒற்றை அடைப்பு:

மின்[ , "திறன்"]

காற்புள்ளிக்கு முன்னே நிரை, பின்னே நிரல். முன்பக்கம் வெறுமையாக விட்டால் “எல்லா நிரைகளும்” என்று பொருள். ஒரு நிரலை மட்டும் கேட்டால் எண்களின் தொடர் கிடைக்கும். மின்[ , சி("நிலையம்", "திறன்")] என்று இரண்டு பெயர்களைக் கேட்டால் இரண்டு நிரல் அட்டவணை கிடைக்கும்.

நிரல் கைக்கு வந்தபின் கணக்குப் போடுவது எளிது. இவ்வட்டாரத்தில் நிறுவப்பட்ட மொத்தத் திறன் எவ்வளவு? அலகுகளின் எண்ணிக்கையை ஓர் அலகின் திறனால் பெருக்கிக் கூட்டவேண்டும்.

மின்$மொத்தம் <- மின்$அலகுகள் * மின்$திறன்
சம்(மின்$மொத்தம்)

முதல் வரியில் ‘மொத்தம்’ என்ற புதிய நிரல் ஒன்று பிறந்துவிட்டது. அதில் 120, 330, 630, 1200, 1500 என்ற எண்கள் இருக்கும். ‘சம்’ என்பது கூட்டும் கட்டளை. விடை 3780 மெகாவாட். மூடப்பட்ட எண்ணூர் நிலையத்தை நீக்கிப் பார்த்தால்?

சம்(மின்$மொத்தம்[மின்$நிலையம் != "எண்ணூர்"])

வியப்புக்குறியும் சமக்குறியும் சேர்ந்தால் “சமமன்று” என்று பொருள். விடை 3330 மெகாவாட். கையால் கூட்டிச் சரிபாருங்கள்.

எண்ணால் எடுத்தால் என்ன?

“திறன் மூன்றாவது நிரல்தானே? மின்[[3]] என்று எழுதினால் சுருக்கமாக இருக்குமே” என்று நீங்கள் கேட்கலாம். எழுதலாம், இன்றைக்குச் சரியான விடையும் வரும். ஆனால் நாளைக்கு? இதற்கு விடை காண, நாம் சுவாசிக்கும் காற்றைப் பற்றிய ஓர் அட்டவணையை எடுத்துக்கொள்வோம்.

இந்தியாவில் காற்றின் தூய்மைக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரம்புகளை வகுத்திருக்கிறது. 2009 நவம்பரில் அறிவிக்கப்பட்ட வரம்புகளில் ஐந்தைப் பார்ப்போம். எல்லாம் ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் என்ற அளவில் உள்ளவை. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

 மாசு ஆண்டுவரம்பு நாள்வரம்பு
1 கந்தக டைஆக்சைடு 50 80
2 நைட்ரஜன் டைஆக்சைடு 40 80
3 பிஎம்10 60 100
4 பிஎம்2.5 40 60
5 அம்மோனியா 100 400

பிஎம்10 என்பது 10 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத குறுக்களவுள்ள தூசுத் துகள்கள். பிஎம்2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்துகள்கள். இவை நுரையீரலின் அடியாழம் வரை செல்லக்கூடியவை. ஆண்டுவரம்பு என்பது ஓராண்டுச் சராசரிக்கு உரியது. நாள்வரம்பு என்பது 24 மணி நேரச் சராசரிக்கு உரியது. இந்த அட்டவணைக்கு ‘வரம்பு’ என்று பெயரிடுவோம்.

ஒரு தெருவில் பிஎம்2.5 துகள்களின் ஆண்டுச் சராசரி 55 என்று, கணக்கிற்காக, வைத்துக்கொள்வோம். இது வரம்பை மீறியதா? கணிப்பொறியைக் கேட்போம்:

55 > வரம்பு[[2]][4]

இரண்டாவது நிரலின் நான்காவது மதிப்பு 40. 55 அதைவிடப் பெரிது. எனவே ‘ட்ரூ’, அதாவது “உண்மை” என்று விடை வரும். தெரு வரம்பை மீறிவிட்டது.

இப்போது இன்னொருவர் இதே அட்டவணையை நாள்வரம்பை முதலிலும் ஆண்டுவரம்பைப் பின்னாலும் வைத்துத் தட்டித் தருகிறார். அதில் தவறு ஒன்றும் இல்லை. எல்லா எண்களும் சரியே. ஆனால் நம் புரோகிராம் இரண்டாவது நிரலின் நான்காவது மதிப்பாக இப்போது 60-ஐ எடுக்கிறது. 55 என்பது 60-ஐவிடப் பெரிதன்று. விடை ‘ஃபால்ஸ்’, “உண்மையன்று”. தெரு தூய்மையாகிவிட்டது! காற்றில் ஒரு தூசும் குறையவில்லை. அட்டவணையில் இரண்டு நிரல்கள் இடம் மாறின, அவ்வளவுதான். கணிப்பொறி எந்த எச்சரிக்கையும் தரவில்லை.

இது வெறும் கற்பனை அச்சம் என்று எண்ணவேண்டாம். 1994-ஆம் ஆண்டின் வரம்புப் பட்டியலில் மிதக்கும் துகள்கள் அனைத்துக்குமாக ஓர் இனம் இருந்தது. 2009-இல் அந்த இனம் நீக்கப்பட்டு, பிஎம்2.5 புதிதாகச் சேர்க்கப்பட்டது. அளவீட்டு முறைகள் வளர வளர அட்டவணைகளின் நிரல்கள் கூடும், குறையும், இடம் மாறும். கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி ஆகிய இடங்களில் பல ஆண்டுகளாகக் காற்று அளக்கப்படுகிறது. பழைய ஆண்டுகளையும் புதிய ஆண்டுகளையும் ஒப்பிட விரும்புகிறவர் நிரலை எண்ணால் அழைத்தால், எதனோடு எதை ஒப்பிடுகிறோம் என்பதே தெரியாமல் போகலாம். பெயரால் அழைத்தால் அந்தக் குழப்பம் இல்லை:

55 > வரம்பு$ஆண்டுவரம்பு[வரம்பு$மாசு == "பிஎம்2.5"]

இரட்டைச் சமக்குறி “சமமா?” என்று கேட்கிறது. நிரல்கள் எந்த வரிசையில் இருந்தாலும், நிரைகள் எந்த வரிசையில் இருந்தாலும், விடை ‘ட்ரூ’தான்.

அம்மோனியாக் கணக்கு

உண்மை நிகழ்ச்சி ஒன்றில் இதைப் பயன்படுத்திப் பார்ப்போம். 2023 டிசம்பர் 26-ஆம் நாள் இரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில், உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. மூச்சுத்திணறலும் கண்ணெரிச்சலும் தாங்காமல் மக்கள் நள்ளிரவில் வீடுகளை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆலை வாயிலருகே அன்றிரவு காற்றில் கன மீட்டருக்கு 2090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. இது நாள்வரம்பைப்போல் எத்தனை மடங்கு?

2090 / வரம்பு[வரம்பு$மாசு == "அம்மோனியா", "நாள்வரம்பு"]

அடைப்புக்குள் காற்புள்ளிக்கு முன்னே நிரையைத் தேர்ந்தெடுக்கும் விதி. பின்னே நிரலின் பெயர். 2090-ஐ 400-ஆல் வகுக்க 5.225 கிடைக்கிறது. ஐந்து மடங்குக்கும் மேல்! நிரலின் பெயருக்குப் பதில் தவறான எண்ணைத் தந்து ஆண்டுவரம்பை எடுத்திருந்தால் 20.9 மடங்கு என்று வந்திருக்கும். மிகைப்படுத்திச் சொல்வதும் குறைத்துச் சொல்வதைப்போலவே தவறுதான். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 2090 என்பது அந்நேரத்து அளவு. 400 என்பது 24 மணி நேரச் சராசரிக்கு உரிய வரம்பு. ஆகவே இந்த ஒப்பீடு ஒரு மதிப்பீடே. நிரலின் பெயரில் ‘நாள்’ என்ற சொல் இருப்பதால்தான் இந்த எச்சரிக்கை நமக்கு நினைவுக்கு வருகிறது. நல்ல பெயர் கணிப்பொறிக்கு மட்டுமன்றி மனிதருக்கும் வழிகாட்டுகிறது.

டாலர் குறியின் மூன்று பொறிகள்

பெயரால் அழைத்துவிட்டோம், இனி அச்சமில்லை என்று இருந்துவிடலாமா? அதுதான் இல்லை. டாலர் குறியில் மூன்று பொறிகள் மறைந்திருக்கின்றன.

முதல் பொறி, அரைப்பெயர். டாலர் குறிக்குப் பின் முழுப்பெயரை எழுதாமல் தொடக்கத்தை மட்டும் எழுதினாலும் ஆர் ஊகித்துக்கொள்ளும். வரம்பு$ஆண்டு என்று எழுதினால், அப்படித் தொடங்கும் நிரல் ஒன்றே ஒன்று இருப்பதால், ஆண்டுவரம்பு நிரலை எடுத்துத் தரும். வசதிதான். ஆனால் சில நாள் கழித்து, வரம்புகள் அறிவிக்கப்பட்ட ஆண்டைக் குறித்து வைக்க எண்ணி ஒருவர் இப்படி எழுதுகிறார்:

வரம்பு$ஆண்டு <- 2009

எழுதும்போது ஆர் ஊகம் செய்வதில்லை. ‘ஆண்டு’ என்ற புதிய நிரலையே படைத்துவிடும். அதன்பின் வரம்பு$ஆண்டு என்று கேட்டால், முழுமையாக ஒத்த பெயர் இருப்பதால் 2009, 2009, 2009, 2009, 2009 என்று வரும். “55 என்பது ஆண்டுவரம்பைவிடப் பெரிதா?” என்று நேற்று சரியாகக் கேட்ட அதே வரி, இன்று “55 என்பது 2009-ஐவிடப் பெரிதா?” என்று கேட்கிறது. விடை ‘ஃபால்ஸ்’. தெரு மறுபடியும் தூய்மையாகிவிட்டது! இரட்டை அடைப்பு இப்படி ஊகிப்பதில்லை. முழுப்பெயரைத் தந்தால்தான் நிரலைத் தரும்.

இரண்டாம் பொறி, இல்லாத பெயர். இதுவே மிகவும் கொடியது. டாலர் குறிக்குப் பின் இல்லாத பெயரை எழுதினால் ஆர் பிழை என்று சொல்வதில்லை. ‘நல்’ என்ற ஒன்றைத் தருகிறது. அதற்கு “எதுவும் இல்லை” என்று பொருள். ஒரு நிலையத்தின் நாள்தோறும் அளந்த விவரங்கள் ‘நிலை’ என்ற அட்டவணையில் இருக்கின்றன, அதில் பிஎம்2.5 என்றும் பிஎம்10 என்றும் இரண்டு நிரல்கள் உண்டு என்று கொள்க. வரம்பை மீறிய நாட்கள் எத்தனை என்று அறிய ஒருவர் இப்படி எழுதுகிறார்:

சம்(நிலை$பிஎம் > 60)

உண்மைக்கு 1, உண்மையன்று என்பதற்கு 0 என்று ஆர் கணக்கிடும். ஆகவே கூட்டினால் மீறிய நாட்களின் எண்ணிக்கை கிடைக்கவேண்டும். ஆனால் ‘பிஎம்’ என்று தொடங்கும் நிரல்கள் இரண்டு உள்ளன. எதை எடுப்பது என்று தெரியாமல் ஆர் ‘நல்’ தருகிறது. ஒன்றுமில்லாததை 60-உடன் ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததைக் கூட்டினால் 0. திரையில் தோன்றும் விடை: 0. ஆண்டு முழுவதும் ஒரு நாள்கூட வரம்பு மீறவில்லை!

எண்ணிப் பாருங்கள். அளந்தவர் ஒழுங்காக அளந்தார். கருவி ஒழுங்காக வேலை செய்தது. அட்டவணையில் எண்கள் அனைத்தும் சரி. ஒரு பெயர் முழுமையாக எழுதப்படாததால், புகையில் இருமும் ஓர் ஊருக்கு நற்சான்று கிடைத்துவிட்டது. “இல்லை” என்பதும் “தெரியவில்லை” என்பதும் அறிவியலில் முற்றிலும் வேறு. பூச்சியம் என்ற விடை வந்தால் மகிழ்வதற்கு முன் ஒரு முறை ஐயப்பட வேண்டும்.

இதற்கு மருந்து உண்டா? உண்டு. நான்காம் வழியை நினைவுகூருங்கள். நிலை[ , "பிஎம்"] என்று கேட்டால், அப்படி ஒரு நிரல் இல்லை என்ற பொருளில் பிழைச் செய்தி தந்து ஆர் வேலையை நிறுத்திவிடும். மூன்றாம் வழியும் அவ்வாறே நிறுத்தும். ஆனால் இரட்டை அடைப்பு இவ்விடத்தில் கைகொடுப்பதில்லை. அதுவும் ‘நல்’ தான் தரும். பிழைச் செய்தியைக் கண்டு எரிச்சல் கொள்கிறோம். உண்மையில் அது சரக்குப் பெட்டியின் சோதனை இலக்கம் போன்றது. தவறான பெட்டி கப்பல் ஏறாமல் தடுக்கிறது.

மூன்றாம் பொறி, பெயரின் பெயர். நிரலின் பெயரை வேறொன்றில் சேமித்து வைத்திருக்கிறோம் என்று கொள்க:

எது <- "நாள்வரம்பு"

இப்போது வரம்பு$எது என்று எழுதினால் என்ன வரும்? ‘எது’ என்றே பெயருள்ள நிரலை ஆர் தேடும், அது இல்லை, விடை ‘நல்’. டாலர் குறிக்குப் பின் எழுதியதை ஆர் எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்கிறது. வரம்பு[[எது]] என்று மேற்கோள் இல்லாமல் எழுதினால், முதலில் ‘எது’வுக்குள் இருக்கும் பெயரைப் பார்த்து, பிறகு நாள்வரம்பு நிரலைத் தரும். பல நிரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்கிடும் புரோகிராம்களில் இதுவே வழி.

வெளியிலிருந்து வரும் அட்டவணைகள்

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கண்காணிப்பு நிலைய அளவுகளைப் பொதுமக்கள் எவரும் கணிப்பொறி வழியே பெறலாம். அவற்றை ரீட்.சிஎஸ்வி என்ற கட்டளையால் ஆர் மொழிக்குள் கொண்டுவரலாம். ஆனால் அங்கே நிரலின் பெயர் “பிஎம்2.5 (மைக்ரோகிராம்/கனமீட்டர்)” என்பதுபோல் அலகையும் சேர்த்து நீளமாக இருக்கக்கூடும். இடைவெளி, அடைப்புக்குறி, சாய்கோடு ஆகியவை ஆர் பெயர்களில் இயல்பாக வரக்கூடாதவை. ஆகவே ரீட்.சிஎஸ்வி அவை ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக மாற்றிவிடும். நாம் தாளில் கண்ட பெயர் ஒன்று. உள்ளே இருக்கும் பெயர் மற்றொன்று! ஆதலால் படித்தவுடன் நேம்ஸ் கட்டளையால் பெயர்களைப் பார்த்துவிடுங்கள். வேண்டுமானால் மாற்றியும் விடலாம்:

நேம்ஸ்(நிலை)[2] <- "பிஎம்2.5"

இங்கே மட்டும் எண்ணைப் பயன்படுத்தினோம் அல்லவா? கண்ணால் பார்த்து, இரண்டாவது நிரல் எது என்று உறுதி செய்துகொண்டு, ஒரே ஒருமுறை பெயரிடுகிறோம். பிறகு எங்கும் பெயரே ஆளும்.

சுருக்கமாக நினைவில் கொள்ள வேண்டியவை நான்கு. நிரலைப் பெயரால் அழையுங்கள், எண்ணால் அழைக்காதீர்கள். பெயரை முழுமையாக எழுதுங்கள். முக்கியமான கணக்குகளில், பெயர் இல்லையென்றால் நின்றுவிடும் வழியைத் தேர்ந்தெடுங்கள். பெயருக்குள்ளேயே பொருளும் கால அளவும் விளங்கும்படி பெயரிடுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

1. மின்$திறன், மின்["திறன்"] ஆகிய இரண்டின் விடைகளுக்கும் என்ன வேறுபாடு?

2. வடசென்னை அனல் மின் நிலையத்தின் மூன்றாம் கட்டமாக 800 மெகாவாட் திறனுள்ள ஓர் அலகு 2024-இல் தொடங்கிவைக்கப்பட்டது. மூன்று நிரல்களிலும் ஒவ்வொரு மதிப்பைச் சேர்த்து அட்டவணையை மீண்டும் அமையுங்கள். மொத்தத் திறன் எவ்வளவு? எண்ணூரை நீக்கினால் எவ்வளவு?

3. எந்த மாசுக்கு நாள்வரம்பு ஆண்டுவரம்பைப்போல் மிக அதிக மடங்காக இருக்கிறது? ஒரே வரியில் கணக்கிடுங்கள்.

4. வரம்பு$நாள் என்று எழுதினால் என்ன கிடைக்கும்? ஏன் அப்படி எழுதக்கூடாது?

விடைகள்

1. முதலாவது ஐந்து எண்களின் தொடர். இரண்டாவது ஒரே நிரல் கொண்ட டேட்டா ஃப்ரேம்.

2. 4580 மெகாவாட், எண்ணூரை நீக்கினால் 4130 மெகாவாட்.

3. வரம்பு$நாள்வரம்பு / வரம்பு$ஆண்டுவரம்பு என்று எழுதவேண்டும். 1.6, 2, 1.67, 1.5, 4 என்று வரும். அம்மோனியாவுக்கே அதிகம், 4 மடங்கு.

4. அரைப்பெயரை ஊகித்து நாள்வரம்பு நிரலை ஆர் தரும். பின்னொரு நாள் ‘நாள்’ என்றே ஒரு நிரல் சேர்க்கப்பட்டால், அதே வரி சொல்லாமல் கொள்ளாமல் வேறொரு நிரலைத் தந்துவிடும்.